கேள்வி–பதில்: கோப்பைத் திறக்காமல் படிப்பது எப்படி?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் ஜன்னலில்) எழுத்துக் கோப்புகளைப் பார்ப்பது பற்றியே இருந்ததால் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கும்பகோணத்தில் டி.டி.பி. கடை வைத்திருப்பவனிடம் ஜாதகக் கட்டம் போட்டுத் தரச் சொல்லியும் கடிதம் வருகிறது. அதற்கு நேரில் வாருங்கள்.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும். கேட் என்றால் சி, ஏ, டி. லெஸ் என்றால் எல், இ, எஸ், எஸ். ஹெட், டெயில், மோர் மூன்றும் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்துக்கூட்டல்தான். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன். லினக்ஸுக்குப் பெரிய எழுத்து வேறு, சிறிய எழுத்து வேறு.

அண்ணனுக்குப் பள்ளியில் கொடுத்த அரசு மடிக்கணினி வீட்டில் சும்மா கிடந்தது. அதிலுள்ள பாஸ் லினக்ஸில் பழகுகிறேன். பாடக் குறிப்பை 'கேட்' போட்டுப் பார்த்தால் எல்லாம் ஓடிப்போய்க் கடைசிப் பகுதி மட்டும் நிற்கிறது. மேலே உள்ளதை எப்படிப் படிப்பது?
— கல்லூரி மாணவி, திருவாரூர்

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டியாக இருக்கும். விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். அதை எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. நீங்கள் பார்த்ததற்கு முதலில் ஒரு சபாஷ்.

கேட் கட்டளையிடம் குறை இல்லை. கோப்பின் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை மடையைத் திறந்துவிட்டது போலக் கொட்டிவிடுவதுதான் அதன் வேலை. உங்கள் திரையில் எத்தனை வரி கொள்ளும் என்று அது கேட்பதில்லை. 1971-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வெளியான யுனிக்ஸின் முதல் கையேட்டிலேயே கேட் உண்டு. அன்றைக்கு அதன் முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் திரை அரிது. டெலிடைப் இயந்திரம் காகிதச் சுருளில் அடித்துத் தள்ளும். காகிதத்தில் எதுவும் ஓடிப்போகாது, சுருளை இழுத்துப் படித்துக்கொள்ளலாம். திரை பரவலான பிறகுதான் தொல்லை வந்தது. 1978-இல் பெர்க்லியில் டேனியல் ஹால்பர்ட் என்பவர் 'மோர்' எழுதினார். அது ஒரு திரை நிறையக் காட்டிவிட்டு நிற்கும். ஆனால் முன்னே போகத்தான் அது வசதி, பின்னே திரும்புவதற்கு அல்ல. அந்தக் குறையைத் தீர்க்க மார்க் நூடல்மன் 1980-களில் எழுதியது 'லெஸ்'.

என் தீர்மானமான கருத்து: படிக்க வேண்டுமென்றால் லெஸ். கேட், ஒரு திரைக்குள் அடங்குகிற சின்னக் கோப்புக்கு மட்டும்.

லெஸ் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரை அடித்து என்டரைத் தட்டுங்கள். ஸ்பேஸ் பார் தட்டினால் அடுத்த பக்கம். பி தட்டினால் முந்தைய பக்கம். சிறிய ஜி கோப்பின் தலைக்கும், பெரிய ஜி வாலுக்கும் கொண்டுபோகும். சாய்கோடு (/) போட்டு ஒரு சொல்லை அடித்து என்டரைத் தட்டினால் அதைத் தேடி நிறுத்தும். 'என்' எழுத்தைத் தட்டத் தட்ட அடுத்தடுத்த இடங்கள், பெரிய 'என்' தட்டினால் பின்னோக்கி. வெளியே வர க்யூ. தமிழ் விசைப்பலகையை இயக்கியிருந்தால் க்யூ தட்டினாலும் வெளியே வராது. அதை அணைத்துவிட்டுத் தட்டுங்கள். டெர்மினல் மாட்டிக்கொண்டது என்று எனக்குத் தொலைபேசியில் அலறுபவர்களில் பாதிப்பேர் இந்த வகை.

எடிட்டரில் திறந்து படித்தால் போதாதா என்று கேட்கலாம். எங்கள் கடையில் புரூஃப் பார்க்க வருபவர்களுக்கு எடிட்டரைத் திறந்து காட்டுவதே இல்லை. பெண் வீட்டார் நான்கு பேர் மேசையைச் சுற்றிக் குனிந்து, 'இந்த இடம், இந்த இடம்' என்று விரல் நீட்டும்போது ஒரு விசை அழுந்தி, முகூர்த்தம் '9.00 முதல் 10.30' என்பதில் ஒரு சுழி போய்விட்டால் பத்திரிகை அச்சான பிறகுதான் தெரியும். லெஸ்ஸில் எந்தச் சொல்லும் மாறாது. ஒரே ஓர் எச்சரிக்கை: அதற்குள் வி தட்டினால் அது எடிட்டரை அழைத்துவிடும். பெரும்பாலும் வந்து நிற்பது விஐ என்ற எடிட்டர். அதிலிருந்து வெளியேற எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். எதையும் சேமிக்காமல் வெளியே வந்துவிடலாம்.

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை நாளுக்கு ஒரு வரியாகப் பல ஆண்டுகளாகக் கணினியில் குறித்து வருகிறேன். கோப்பு மிகவும் நீண்டுவிட்டது. கடைசி ஒரு வாரம் மட்டும் வேண்டும். பழைய தேதிகளுக்கும் சட்டென்று போக வேண்டும்.
— விவசாயி, மன்னார்குடி

உங்களைப் போல நாலு பேர் ஊருக்கு ஊர் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். கோப்பின் பெயர் 'மேட்டூர்' என்று வைத்துக்கொள்கிறேன். லினக்ஸில் கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், தவறில்லை.

*டெயில் -என் 7 மேட்டூர்* என்று அடித்தால் கடைசி ஏழு வரிகள் வந்து நிற்கும். எண் கொடுக்காவிட்டால் பத்து வரி. *ஹெட்* அதேபோல முதல் பத்து வரிகளைக் காட்டும். எந்தப் பத்தியில் எதை எழுதினோம் என்று மறந்துபோனால் தலைப்பு வரியைப் பார்க்க அது போதும்.

பழைய தேதிக்குப் போக லெஸ். நீங்கள் தேதியை ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதுபவராக இருந்தால் பாதி வேலை முடிந்தது. குறுவைக்கு வழக்கமாக ஜூன் 12-இல் அணையைத் திறப்பார்கள். 2022-இல் அதை முந்திக்கொண்டு மே 24-இலேயே திறந்தார்கள். லெஸ்ஸுக்குள் */2022-05-24* என்று தேடினால் அந்த வரிக்கே போய் நிற்கும். அங்கிருந்து கீழ் அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே வந்தால் வெளியேற்றம் நாளுக்கு நாள் எப்படி ஏறியது என்று உங்கள் கணக்கே சொல்லும். 2024-இல் நிலைமை தலைகீழ். ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. */2024-07-28* என்று தேடி, அதற்கு முந்தைய வாரத்தைப் பாருங்கள். மட்டம் என்ன வேகத்தில் 120 அடியை நோக்கி ஓடியது என்பது உங்கள் எண்களில் இருக்கும். எல்லா ஆண்டு ஜூன் 12-உம் வேண்டுமா? */-06-12* என்று மட்டும் தேடி, 'என்' எழுத்தைத் தட்டிக்கொண்டே போங்கள். தேதியை நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதியிருந்தாலும் தேட முடியும். ஆனால் பிற்பாடு வரிசைப்படுத்த உட்காரும்போது என்னைத் திட்டக்கூடாது.

வரி நீண்டு அடுத்த வரியில் மடிந்தால் பத்திகள் குழம்பும். லெஸ்ஸுக்குப் பின் *-எஸ்* சேருங்கள், பெரிய எஸ். மடிக்காமல் நேராகக் காட்டும், வலது அம்புக்குறியால் நகர்த்திப் பார்க்கலாம். பெரிய *-என்* சேர்த்தால் வரி எண்ணும் வரும். கோப்பு எத்தனை பெரிதாயிருந்தாலும் கவலை வேண்டாம். முழுவதையும் படித்துவிட்டுத்தான் காட்டுவேன் என்று லெஸ் அடம்பிடிக்காது. வேண்டிய பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும்.

உங்கள் மகன் வேறொரு ஜன்னலில் புது வரி சேர்க்கும்போது அது உடனே தெரிய வேண்டுமானால் *டெயில் -எஃப் மேட்டூர்*. அது முடியாமல் காத்துக்கொண்டே நிற்கும், புது வரி வந்ததும் காட்டும். பல எடிட்டர்கள் சேமிக்கும்போது பழைய கோப்பை அப்படியே விட்டுவிட்டு, புதிதாக ஒன்றை எழுதி அதே பெயரைச் சூட்டிவிடும். அப்போது சிறிய எஃப் பழையதையே பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய எஃப் போட்டால் பெயரைப் பிடித்துக்கொண்டு புதியதற்கு மாறிவிடும். நிறுத்த கன்ட்ரோல்-சி.

கோயில் திருப்பணிக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பட்டியலை 2000-களின் தொடக்கத்தில் ஒரு கடையில் தட்டச்சு செய்து வாங்கினோம். குறுந்தகட்டில் இருக்கிறது. இப்போது கேட் போட்டால் ஒரு கோப்பில் ஆங்கில எழுத்துகளாகவும், இன்னொன்றில் கேள்விக்குறியும் கட்டமுமாகவும் வருகிறது. கோப்பு கெட்டுவிட்டதா?
— திருப்பணிக் குழு உறுப்பினர், மயிலாடுதுறை

கெடவில்லை. குறுந்தகடு இத்தனை ஆண்டு படிக்கும்படி இருப்பதே பெரிய விஷயம். இன்றைக்கே இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

அந்தக் காலத்தில் டி.டி.பி. கடைக்குக் கடை ஓர் எழுத்துரு. எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு குறியாக்கம். பாமினி என்ற எழுத்துருவில் அடித்த கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகளைத்தான் சேமிக்கிறது, அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் அம்மா தெரியும். டெர்மினலுக்குப் பாமினி தெரியாது, ஆகவே அது உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. உங்கள் முதல் கோப்பு இந்த வகை.

இரண்டாவது திஸ்கி என்ற குறியாக்கமாக இருக்கலாம், அல்லது 1999-இல் தமிழக அரசு ஏற்ற டாம், டாப் வகையாக இருக்கலாம். இவை ஆங்கில எழுத்துகளுக்கு மேலே உள்ள இடங்களில் தமிழை வைத்தன. இன்றைய டெர்மினல் எல்லாவற்றையும் யூனிகோடு என்று எண்ணிப் படிப்பதால் அந்த பைட்டுகள் பொருந்தாமல் கட்டமாக விழுகின்றன. லெஸ் போட்டால் 'இது எழுத்துக் கோப்பு அல்ல போலிருக்கிறது, பார்க்கத்தான் வேண்டுமா' என்று ஒரு கேள்வி கேட்கும். ஒய் தட்டிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. கேட் அந்த நாகரிகம் பார்க்காமல் அப்படியே கொட்டும், சில நேரம் டெர்மினலே குழம்பி, அடிப்பது எதுவும் படிக்க முடியாமல் போகும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு *ரீசெட்* என்று அடித்து என்டர் தட்டினால் சரியாகிவிடும்.

எந்த வகை என்று ஊகிக்க *ஃபைல்* என்ற கட்டளை இருக்கிறது. அதன்பின் கோப்பின் பெயரைக் கொடுங்கள். ஆஸ்கி (வெறும் ஆங்கில எழுத்துகள்) என்று சொன்னால் பாமினிக் குடும்பமாக இருக்க வாய்ப்பு. யுடிஎஃப்-8 என்றால் யூனிகோடு, கவலையில்லை. இரண்டும் அல்லாமல் நீட்டிக்கப்பட்ட ஆஸ்கி என்று இழுத்தால் திஸ்கி, டாப் பக்கம்.

திஸ்கி என்றால் லினக்ஸுக்குள்ளேயே மருந்து உண்டு. ஐகான்வ் என்று பெயர். எழுத்துகள் ஐ, சி, ஓ, என், வி. *ஐகான்வ் -எஃப் திஸ்கி -டி யுடிஎஃப்-8 பழையது > புதியது*. திஸ்கி என்ற இடத்தில் டி, எஸ், சி, ஐ, ஐ என்று ஐந்து பெரிய எழுத்துகள். பிறகு லெஸ் போட்டுப் புதியதைப் பாருங்கள். பாமினிக்கும் டாப் வகைக்கும் தனி மாற்றி நிரல்கள் வேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றுவதோடு வேலை முடியாது என்பதால் நல்ல மாற்றியாகத் தேர்ந்தெடுங்கள். பழைய முறைகளில் 'கெ' என்றால் கொம்பு முன்னால், 'க' பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிப்பார்கள். யூனிகோடில் மெய் முதலில், குறி பிறகு. மட்டமான மாற்றியில் போட்டால் 'கோபால்' கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் வந்து நிற்பார். நன்கொடையாளர் பெயரில் பிழை வந்தால் கும்பாபிஷேகத்தன்று உங்கள் பாடு திண்டாட்டம். ஆகவே மாற்றிய பிறகு அச்சிட்ட ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

யூனிகோடுக் கோப்பிலும் லெஸ் சில கணினிகளில் கோண அடைப்புக்குள் ஏதோ குறியீடுகளாகக் காட்டும். ஒரு 'க' எழுத யுடிஎஃப்-8-இல் மூன்று பைட்டுகள் வேண்டும். மொழி அமைப்பு சரியில்லாத கணினியில் அந்த மூன்றையும் தனித்தனியாகக் காட்டிவிடுகிறது. கணினியின் மொழி அமைப்பை யுடிஎஃப்-8-க்கு மாற்றினால் தீர்ந்தது. இன்னும் சில டெர்மினல்களில் எழுத்து சரியாக வந்தாலும் கொம்பும் காலும் விலகி நிற்கும். அது ஜன்னலின் குறை, கோப்பின் குறை அல்ல. அதே கோப்பை எடிட்டரில் பார்த்தால் ஒழுங்காயிருக்கும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகும் டெர்மினல் எழுதுபவர்கள் நம் எழுத்தைக் கடைசி பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது என் தீராத கோபம்.

வாடகைப் பாத்திரக் கடையின் கணக்கைப் பார்க்க நினைத்து 'கேட் > கணக்கு' என்று அடித்துவிட்டேன். எதுவும் வராததால் கன்ட்ரோல்-சி தட்டினேன். இப்போது கோப்பு காலியாக இருக்கிறது. மீட்க முடியுமா?
— கடைக்காரர், பாபநாசம்

வருத்தமான பதில்தான். அந்த > குறியைப் பார்த்ததுமே, கேட் தொடங்குவதற்கு முன்பே, நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி நடத்தும் ஷெல் கோப்பைத் துடைத்துவிடும். நீங்கள் என்ன தட்டியிருந்தாலும் அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அந்தக் கோப்பு வேறு எடிட்டரில் திறந்திருந்தால் அங்கிருந்து உடனே வேறு பெயரில் சேமியுங்கள். இல்லையென்றால், *எல்எஸ்* அடித்து, பெயரின் முடிவில் அலைக்குறியோடு (~) ஒரு கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சில எடிட்டர்கள் முந்தைய நகலை அப்படி வைத்திருக்கும். அதுவும் இல்லையென்றால் பென்டிரைவில் எடுத்த நகல்தான். அண்டா, குத்துவிளக்கு யார் வீட்டில் என்பது ஊருக்குத் தெரியும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி நடக்காமலிருக்க *செட் -ஓ நோக்ளாபர்* என்று ஒரு வரி இருக்கிறது. கடைசிச் சொல்லின் எழுத்துகள் என், ஓ, சி, எல், ஓ, பி, பி, இ, ஆர். ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் அதைச் சேர்த்துவிட்டால், ஏற்கெனவே உள்ள கோப்பின் மேல் > போட்டால் ஷெல் மறுத்துவிடும். >> என்று இரண்டு போடுவது துடைக்காது, கடைசியில் சேர்க்கும்.

பால் சங்கத்தில் பன்னிரண்டு மாதப் பட்டியலைப் பன்னிரண்டு கோப்புகளாக வைத்திருக்கிறோம். ஒன்றாகச் சேர்த்தால் மாதங்கள் மாறி வருகின்றன. சில இடங்களில் இரண்டு வரிகள் ஒட்டிக்கொள்கின்றன.
— சங்க எழுத்தர், வலங்கைமான்

கேட் பிறந்ததே இந்த வேலைக்கு. *கேட் மாதம்\* > ஆண்டு* என்று போட்டிருப்பீர்கள். நட்சத்திரக்குறியை ஷெல் அகரவரிசைப்படி விரிக்கிறது, ஆகவே மாதம்1-க்கு அடுத்து மாதம்10, 11, 12, அதன்பிறகே மாதம்2. 01, 02 என்று பெயர் மாற்றுங்கள், வரிசை தானாக வரும். வெளியீட்டுக் கோப்புக்கு 'மாதம்' என்று தொடங்காத பெயர் வையுங்கள், இல்லாவிட்டால் அதுவும் பட்டியலுக்குள் வந்துவிடும்.

வரி ஒட்டுவது, முதல் கோப்பின் கடைசி வரியில் யாரோ என்டர் தட்டாமல் விட்டதால். *கேட் -ஏ* போட்டுப் பாருங்கள், பெரிய ஏ. ஒவ்வொரு வரி முடிவிலும் டாலர் குறி வரும். கடைசி வரியில் டாலர் இல்லையென்றால் அதுதான் குற்றவாளி. டாலருக்கு முன் ஒரு தொப்பிக்குறியும் (^) பெரிய எம்மும் இருந்தால் அது விண்டோஸில் சேமித்த கோப்பு. அதை *டாஸ்2யுனிக்ஸ்* திருத்திவிடும். இந்தப் பார்வையில் தமிழ் எழுத்து முழுவதும் அலங்கோலமாகத் தெரியும், வரியின் நுனியை மட்டும் பாருங்கள்.

ஒவ்வொரு கோப்பிலும் 'தேதி, உறுப்பினர் எண், லிட்டர்' என்ற தலைப்பு வரி இருக்குமே, அது பன்னிரண்டு முறை வரக்கூடாது. *ஹெட் -என் 1 மாதம்01 > ஆண்டு* என்று தலைப்பை ஒருமுறை எடுத்துக்கொண்டு, அடுத்து *டெயில் -க்யூ -என் +2 மாதம்\* >> ஆண்டு*. கூட்டல் இரண்டு என்றால் இரண்டாம் வரியிலிருந்து முடிவு வரை. க்யூ போடாவிட்டால் ஒவ்வொரு கோப்பின் பெயரையும் இடையில் எழுதிவிடும்.

எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ்தான். அங்கே என்ன செய்வது?
— எழுத்தர், நாகப்பட்டினம்

கட்டளை ஜன்னலில் *டைப்* இருக்கிறது. டாஸ் காலத்திலிருந்தே உண்டு. அதன்பின் கோப்பின் பெயரும் நெடுங்கோடும் (|) போட்டு *மோர்* சேர்த்தால் பக்கம் பக்கமாக நிற்கும். தமிழுக்கு முதலில் *சிஎச்சிபி 65001* அடியுங்கள். பவர்ஷெல் இருந்தால் *கெட்-கன்டென்ட்* சிறந்தது. அங்கே கேட் என்று அடித்தாலும் அதுதான் ஓடும். தமிழ் சிதைந்தால் *-என்கோடிங் யுடிஎஃப்8* சேருங்கள். கடைசிப் பத்து வரிகளுக்கு *-டெயில் 10*.

கேட் என்று மட்டும் அடித்து என்டர் தட்டினேன். எதுவும் வரவில்லை. நான் அடிப்பதையே திருப்பி அடித்துக் காட்டுகிறது. பயமாக இருக்கிறது.
— பத்தாம் வகுப்பு மாணவன், திருத்துறைப்பூண்டி

பயப்படாதே தம்பி. கோப்பு எதையும் நீ சொல்லவில்லை, ஆகவே உன் விசைப்பலகையையே கோப்பாக எடுத்துக்கொண்டது. புது வரியில் நின்று கன்ட்ரோல்-டி தட்டு, 'கோப்பு முடிந்தது' என்று எடுத்துக்கொண்டு விலகிவிடும்.